சுண்ணாம்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம்

என் சாமிக்கு,

நீ நன்றாக இருக்கிறாயா என்று கேட்டு இதைத் தொடங்க மாட்டேன். காலையில்தான் போனில் கேட்டேன். "நல்லா இருக்கேம்மா, தோசை சாப்ட்டேன், வையி" என்றாய். நான் எழுதப்போவது போனில் சொல்லக்கூடியது அல்ல. நேரில் சொல்லலாம் என்றால் நீ என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பாய், உடனே நான் பேச்சை மாற்றி "களி கிண்டட்டுமா" என்று கேட்டுவிடுவேன். இரண்டு வருஷமாக அப்படித்தான் நடக்கிறது. அதனால் பட்டுப்புழுக்களுக்கு மல்பெரி இலை போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, உன் பழைய பள்ளிக்கூட நோட்டில் மிச்சமிருந்த தாள்களைக் கிழித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வருகிற வியாழக்கிழமை பென்னாகரம் மண்டபத்தில் உனக்குக் கல்யாணம். நீ ஊரெல்லாம் சொல்லித் திரிகிற ஒரு கதையில் பாதி பொய், அந்தப் பொய் என்னுடையது. தாலி கட்டுவதற்கு முன்னால் அதை நீ தெரிந்துகொண்டாக வேண்டும். பத்தாவது வரைக்கும் படித்தவள் எழுத்து. தப்பு இருந்தால் உன் தேன்மொழி டீச்சர் சிவப்பு மையில் திருத்தட்டும், அவளுக்கு அதுதானே பிடிக்கும்.

அதற்கு முன்னால் கொஞ்சம் பெருமை பேசிக்கொள்கிறேன், தடுக்காதே. உன் கராத்தே வாழ்க்கை எங்கே தொடங்கியது என்று யாராவது கேட்டால் நீ ஏதேதோ பெரிய வார்த்தை சொல்கிறாய். எனக்குத் தெரிந்து அது நாலாம் வகுப்பில், வாய்ப்பாடு ஒப்பிக்காததற்குக் கிடைத்த தண்டனையில் தொடங்கியது. சுவரில் முதுகைச் சாய்த்து, இல்லாத நாற்காலியில் உட்காரச் சொன்னார் உங்கள் வாத்தியார். மற்ற பிள்ளைகள் இரண்டு நிமிஷத்தில் பொத்தென்று விழுந்து, அழுது, மன்னிப்புக் கேட்டு, போய் உட்கார்ந்துகொண்டார்கள். உன்னை அவர் மறந்தே போனார். மணி அடித்து, எல்லாரும் சத்துணவுக்குப் போய், திரும்பியும் வந்துவிட்டார்கள். நீ அங்கேயே, அதே நாற்காலியில். மனுஷன் பயந்து போய் என்னை ஆள் விட்டுக் கூப்பிட்டார். நான் போகும்போதே வழியெல்லாம் திட்டிக்கொண்டு போனேன், ஊர் மறந்திருக்காது. உன்னை உலுக்கி, "கால் வலிக்கலயாடா?" என்றேன். "வலிக்குதும்மா. ஆனா போதும்னு அவரு சொல்லலயே" என்றாய். பக்கத்தில் நின்ற விளையாட்டு வாத்தியார் விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த சனிக்கிழமை அவரே உன்னைத் தன் கராத்தே வகுப்பில் சேர்த்துக்கொண்டார். நான் அன்றைக்கு அந்த நாலாம் வகுப்பு வாத்தியாரைத் திட்டியதற்கு இப்போது அவருக்கு ஒரு வேட்டி சட்டை எடுத்துக் கொடுக்க வேண்டும் போலிருக்கிறது. பத்திரிகை வைத்துவிட்டாய் அல்லவா?

அப்புறம் வீடு வீடாக இல்லை. ஓடு உடைந்தது, செங்கல் உடைந்தது, என் ஆட்டுக்கல் குழவியைக்கூட ஒரு நாள் நீ உள்ளங்கையால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாய். உடைக்கிறது எல்லாரும் செய்கிறார்கள், நான் நிற்கிறேன் என்று பிறகு ஒரு நாள் சொன்னாய். குதிரை நிலை. காலை அகட்டி, முட்டியை மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி, கண்ணுக்குத் தெரியாத குதிரை மேல் உட்கார்ந்த மாதிரி அசையாமல் நிற்பது. எனக்குச் சமையல்கட்டில் இடைஞ்சல். நான் குழம்பு தாளிக்கும்போது நடு வீட்டில் நிற்பாய், இரண்டு தொடையிலும் தண்ணீர்ச் சொம்பு வைத்துக்கொண்டு. உங்கப்பா வயலிலிருந்து வந்து அதில் ஒரு சொம்பை எடுத்துக் குடித்துவிட்டு மறுபடியும் உன் தொடையிலேயே வைத்துவிட்டுப் போவார். "புள்ள பெத்தாலும் பெத்தோம், ஸ்டூல் வாங்கற வேலை மிச்சம்" என்பார். நீ சிரித்தால் சொம்பு விழும், அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாய். அதையும் அவர் பார்ப்பார், வேண்டுமென்றே இன்னொன்று சொல்வார். அந்த நாட்களில் நான் சிரித்த சிரிப்பு எனக்கு இப்போதும் வயிற்றில் இருக்கிறது.

இனி அந்தக் கதை. முதல் முறை நீ சாதனைக்கு நின்ற நாள். பள்ளிக்கூட மைதானத்தில் சுண்ணாம்பால் வட்டமாகக் கோடு போட்டிருந்தார்கள். கோட்டுக்குள் நீ மட்டும். சாதனைப் புத்தகக்காரர்கள் அனுப்பிய தாளில் இருந்த விதிகளைச் சாட்சியாக வந்த டீச்சர் மைக்கில் வாசித்தாள். இடுப்பு உயரக் கூடாது, பாதம் நகரக் கூடாது, யாரும் தொடக் கூடாது, தொட்டால் அதோடு முடிந்தது. பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்துப் பெண், புதிதாக நம் ஊருக்கு மாற்றலாகி வந்த அறிவியல் டீச்சர் என்றார்கள். ஒல்லியாக, கையில் ஸ்டாப் வாட்சோடு, கண்ணை இமைக்காமல் உன்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். உங்கப்பா போனில் வீடியோ எடுத்தார். நேரம் போகப் போக உன் தொடை ஆட ஆரம்பித்தது. முகம் வெளுத்தது. பழைய சாதனையைத் தாண்ட இன்னும் பத்து நிமிஷம் இருக்கும்போது நான் துண்டோடு கோட்டைத் தாண்டி உள்ளே போனேன். உன் முகத்தைத் துடைத்தேன். டீச்சர் கையைத் தூக்கி, "டச்! நேரம் நிறுத்தியாச்சு" என்றாள். நீ அப்படியே மண்ணில் உட்கார்ந்தாய். ஒரு வருஷ உழைப்பு.

அன்று நான் அவளைப் பேசிய பேச்சு! "ஒரு புள்ள பெத்துப் பாருடி, அப்பத் தெரியும்! நீயெல்லாம் மனுஷியா, மரக்கட்டையா?" என்று மைக் பக்கத்திலேயே நின்று கத்தினேன். கூட்டமும் என் பக்கம்தான். "பெத்தவ மனசு, என்ன பண்ணும்" என்றார்கள். அவளோ தாளில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நீ மட்டும் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "விடும்மா, பாசத்துல தொட்டுட்ட, மறுபடியும் பண்ணிக்கலாம்" என்றாய். வீட்டுக்கு வந்து மூன்று உருண்டை களி தின்றாய். அன்றிலிருந்து நீ போகிற பள்ளிக்கூடத்தில் எல்லாம் அந்தக் கதைதான். "எங்கம்மா ஓடி வந்து தொடச்சாங்க, ரெக்கார்டு போச்சு. ஆனா அந்தப் பாசத்த எந்த ரெக்கார்டு புக்குல எழுதுவாங்க?" பிள்ளைகள் கை தட்டுகிறார்கள். போன மாதம் தர்மபுரியில் ஒரு பள்ளி விழாவுக்கு என்னையும் கூட்டிப் போய் முன் வரிசையில் உட்கார வைத்து அதையே சொன்னாய். பக்கத்தில் இருந்த தலைமையாசிரியர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தார். நான் என் பாதத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஏன் என்று சொல்கிறேன். அந்த முதல் முறைக்கு மூன்று மாதம் கழித்து, மறுபடியும் விண்ணப்பம் போடுவதற்கு உன் கையெழுத்து வேண்டும் என்று அந்தச் சாட்சி டீச்சர், உன் தேன்மொழி, நம் வீட்டுக்கு வந்தாள். நீ இல்லை, நான் புழு ஷெட்டில் இருந்தேன். எனக்கு அவள் மேல் இருந்த எரிச்சல் கொஞ்சமா நஞ்சமா? "உள்ள வரணும்னா கை கால் கழுவணும், பிளீச்சிங் தண்ணியில" என்றேன். கழுவினாள். "சரியா கழுவல, இன்னொரு தரம்" என்றேன். கழுவினாள். மூன்றாவது தரமும் கழுவச் சொன்னேன். கழுவிவிட்டு என்னைப் பார்த்து, "நீங்க இப்ப வெளிய வந்து வாசப்படியத் தொட்டீங்களேங்க, நீங்களும் கழுவணும் இல்லீங்களா?" என்றாள். கழுவினேன். நான் போட்ட சட்டத்துக்கு நானே கை நனைத்தது அன்றைக்குத்தான்.

புழுக்கள் அப்போது தோலுரித்துக்கொண்டிருந்தன. அந்த ஒரு நாள் அவை தலையைத் தூக்கியபடி அசையாமல் கிடக்கும். இலை போடக் கூடாது, தொடக் கூடாது, தட்டைக்கூட நகர்த்தக் கூடாது. அவளிடம் அதைச் சொன்னேன். "தொட்டா என்னங்க ஆகும்?" என்று கேட்டாள். "தோல் பாதியில சிக்கிக்கும், புழு செத்துரும்" என்றேன். சொன்ன பிறகுதான் என் வாயில் வந்தது எனக்கே உறைத்தது. இருபது வருஷமாக வருகிறவர் போகிறவரை எல்லாம் "தொடாதே, தொடாதே" என்று விரட்டுகிறவள் நான். அவள் தட்டையே பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "ஏங்கம்மா, அன்னிக்கு அவரைத் தொடறதுக்கு முன்னாடி நீங்க அவரைப் பாக்கல. என்னைத்தான் பாத்தீங்க. நான் பாக்கறேனான்னு."

சாமி, அதுதான் உண்மை. நான் பாசத்தில் ஓடி வரவில்லை. விதி எனக்குத் தெரியும், மைக்கில் வாசித்தபோது நன்றாகக் காதில் விழுந்தது. உன் மாமா ஓசூர் கம்பெனியில் உனக்கு வேலை பேசி வைத்திருந்தார், அடுத்த திங்கட்கிழமை சேர வேண்டும். நீயோ, "இந்த ரெக்கார்டு வந்துட்டா நான் வகுப்பு நடத்தித்தான் பொழைப்பேன், வராட்டி ஓசூர் போறேன்" என்று என்னிடமே சொல்லியிருந்தாய். கால் ஆடுவதைப் பார்த்து எனக்குப் பயம்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் பயந்தவள் "போதும்டா" என்று கத்தியிருப்பாள். நான் கத்தவில்லை. பத்து நிமிஷம்தான் பாக்கி, இவன் ஜெயித்துவிடுவான் என்று தெரிந்த பிறகுதான் எழுந்தேன். துண்டை எடுத்து, சாட்சி பார்க்கிறாளா என்று பார்த்து, அவள் பார்க்கிறாள் என்று உறுதி செய்துகொண்டு உன்னைத் தொட்டேன். உன்னைத் தோற்கடிக்கத் தொட்டேன். பெற்ற பிள்ளையை. அதற்கு அப்புறம் அந்தப் பெண்ணை மரக்கட்டை என்று திட்டினேன்.

நீ ஓசூர் போகவில்லை. அது என் நல்ல காலம். "அம்மா பாசத்துல தொட்டதுனாலதான் போச்சு, நான் தோக்கலயே" என்று சொல்லி மாமாவுக்கு நீயே போன் போட்டு வேலை வேண்டாம் என்றாய். என் பொய்யே உனக்குச் சாக்காக வந்து நின்றது. அதற்கு மேல் நான் எப்படி வாயைத் திறப்பேன்? ஷெட்டில் அன்று தேன்மொழியிடம் மட்டும் எல்லாவற்றையும் கொட்டி அழுதேன். அவள் என்னைத் தேற்றவும் இல்லை, குற்றம் சொல்லவும் இல்லை. "தாள்ல 'தாயார் வேர்வை துடைத்தார்'னுதான் எழுதியிருக்கேங்க. எதுக்குத் தொட்டாங்கன்னு எழுத அதுல எடமே இல்லீங்க" என்றாள். பிறகு, "அடுத்த தரம் உங்க கைக்கு ஏதாச்சும் வேலை குடுத்துக்கங்கம்மா" என்றாள்.

இரண்டாம் முறை எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? உன் சாதனை நாளன்று நான் ஷெட்டிலிருந்து சந்திரிகையைத் தலையில் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு வந்தேன். புழுக்கள் கூடு கட்டுகிற வட்டமான பெரிய மூங்கில் தட்டு, அதில் கூடுகள் நெருக்கமாக ஒட்டியிருந்தன. "என்னக்கா, இங்கயே சந்தை வெக்கப் போறியா?" என்று கேட்டார்கள். உங்கப்பாவுக்கு மானம் போயிற்று. நான் சுண்ணாம்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நீ இடுப்பைத் தாழ்த்திய நொடியிலிருந்து ஒவ்வொரு கூடாகப் பிரித்து மேல் பஞ்சை உரித்து மடியில் போட்டேன். உன் தொடை ஆடியது, நான் கூடு பிரித்தேன். உன் முகம் வெளுத்தது, நான் கூடு பிரித்தேன். கடைசிப் பத்து நிமிஷம் தட்டு காலியாகிவிட்டது. என் கை இரண்டும் சும்மா இருந்தன. அப்போது உன்னையே இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்த தேன்மொழி, திரும்பாமலே, "அம்மா, திரும்ப எண்ணுங்க" என்றாள். மடியில் இருந்த கூடுகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். எத்தனை என்று சத்தியமாக ஞாபகம் இல்லை. அவள் விசிலை ஊதியதும் மடியில் இருந்ததை எல்லாம் அள்ளி உன் தலை மேல் வீசினேன். வெள்ளை வெள்ளையாக உன் தலையிலும் தோளிலும் விழுந்தது. உங்கப்பா அழுத அழுகையில் அவர் எடுத்த வீடியோவில் கடைசியில் வெறும் வானம்தான் இருக்கிறது. நல்ல வேளை, பள்ளிக்கூடத்துக் கேமரா ஒன்று இருந்தது. மைதானமே கூத்தாடியது. உன்னால் நடக்க முடியவில்லை, இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள், நீ என்னைப் பார்த்து "அம்மா, இப்பத் தொடச்சு விடு" என்றாய். துடைத்தேன். என் வாழ்க்கையில் அதை விடச் சந்தோஷமான நாள் இல்லை, உன்னைப் பெற்ற நாளைச் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அப்புறம் நீ அவளிடம் போய், "எனக்கு உங்களப் புடிச்சிருக்குங்க" என்று சொன்னதும், அவள் "சாட்சிக்குச் சொந்தம் இருக்கக் கூடாதுங்க, முதல்ல சான்றிதழ் வரட்டும்" என்றதும் இன்றைக்கு ஊர் பேசுகிற கதை. அது வருகிற வரைக்கும் நீ தவித்த தவிப்பைப் பார்த்து உங்கப்பா, "குதிர மேல நிக்கறதே தேவல போல" என்றார். நிச்சயதார்த்தத்தன்று பந்தியில் இரண்டு பக்கத்துச் சொந்தமும் உட்கார்ந்திருக்க, நீ மறுபடியும் எழுந்து அந்தப் பழைய கதையைச் சொன்னாய். எங்கம்மா, பாசம், துண்டு. எல்லாரும் சிரித்தார்கள். நான் தேன்மொழியைப் பார்த்தேன். அவள் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாயசத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். கை கழுவுகிற இடத்தில் அவளைப் பிடித்து, "அவன்கிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டேன். "இல்லீங்க. அது நான் சொல்ற விஷயம் இல்லீங்க" என்றாள். அன்று முடிவு செய்தேன். கட்டிக்கொள்கிற பெண் உன்னிடம் மறைக்கிற முதல் விஷயம் என்னுடையதாக இருக்கக் கூடாது. அவள் பொய்யே எழுதாதவள். எனக்காக ஒரு பொய்யைத் தூக்கிக்கொண்டு நம் வீட்டு வாசற்படியை மிதிக்க வேண்டாம்.

புத்தி சொல்லாமல் அம்மா கடிதம் எழுத முடியாது, அதனால் கொஞ்சம் கேட்டுக்கொள். முட்டிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தரம் டாக்டரிடம் காட்டு. அவள் பள்ளிக்கூடத்திலிருந்து களைத்து வருவாள், நீ உலை வை. நடு வீட்டில் குதிரை நிலை நின்றால் அவள் சுற்றிக்கொண்டு போவாள் என்று நினைக்காதே, ஓரமாக நில். இதையெல்லாம் மறந்தாலும் ஒன்றை மறக்காதே. யாரும் போதும் என்று சொல்லாததால் நீ நாலாம் வகுப்பில் அப்படியே நின்றாய். மைதானத்தில் அது சாதனை. வீட்டில் அப்படி நிற்காதே. வலித்தால் வலிக்கிறது என்று சொல். அவள் மேல் கோபம் என்றால் கோபம் என்று சொல். என் மேல் கோபம் என்றால், இதைப் படித்த பிறகு வரத்தான் செய்யும், அதையும் சொல். பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்காதே, எனக்கு அந்தச் சிரிப்பு தெரியும். அப்புறம் அந்தக் கதையைப் பள்ளிக்கூடங்களில் சொல்வதை நிறுத்த வேண்டாம். இந்தத் தாளை வாசித்துக் காட்டு. அம்மாக்கள் அப்படியும் செய்வார்கள், பிள்ளைகள் அப்புறமும் ஜெயிப்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியட்டும். முன் வரிசையில் உட்கார நான் வருகிறேன், இந்த முறை தலையை நிமிர்த்தி உட்காருவேன்.

அடுத்த சாதனைக்குத் தேன்மொழியால் சாட்சி நிற்க முடியாது. இனி அவளும் சொந்தம், அவளும் கோட்டுக்கு வெளியே என் பக்கத்தில்தான். அவள் கைக்கும் ஒரு சந்திரிகை தயார் செய்து வைக்கிறேன். மரக்கட்டை என்று சொன்ன வாயால் சொல்கிறேன், அன்று அவள் கையும் சும்மா இருக்காது பார்.

இந்தக் கடிதத்தை உன் வெள்ளைக் கராத்தே உடுப்புக்கு நடுவே மடித்து உங்கப்பாவிடம் கொடுத்தனுப்புகிறேன். நீ எனக்குப் போன் போட வேண்டாம், போட்டால் நான் களியைப் பற்றித்தான் பேசுவேன். வியாழக்கிழமை மணமேடையில் ஓமப் புகையில் உனக்கு வேர்த்துக் கொட்டும். நான் துண்டோடு ஓரமாக நிற்பேன். இந்த முறையும் உன்னைத் தொடுவதற்கு முன்னால் அவளைத்தான் பார்ப்பேன். அவள் தலையசைத்தால் வருவேன். நீ உன் அம்மாவை விட ஒன்றரை அடி உயரம். மனசு ஆறியிருந்தால் தலையைக் கொஞ்சம் குனி, எனக்கு எட்டுகிற மாதிரி.

இப்படிக்கு,
துண்டோடு காத்திருக்கும்
உன் அம்மா